ஆறாவது ஆல்பம்

உறுதிமொழிப் படிவத்தில் ஐந்து ஆல்பங்களின் பெயர்கள்தான் இருந்தன. ஏசுவடியான் இரண்டு தடவை எண்ணினான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் எண்ணினான். ஐந்துதான். கட்டாயம் இருக்க வேண்டிய பெயர் அதில் இல்லை.

“கையெழுத்துப் போட்டாச்சா அண்ணாச்சி?” என்று கேட்டார் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கோமதிநாயகம். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. தூத்துக்குடி இசை உரிம அலுவலகத்தில் கருவியை இயக்குகிறவர் அவர்தான்.

“வாசிச்சுட்டு இருக்கேன் சார்.”

“வாசிங்க, வாசிங்க. அம்மாவுக்குத் தலைப்பட்டி மாட்டி எல்லாம் சரி பாக்க இன்னும் அரைமணி நேரம் ஆகும்.”

அவருக்குப் பின்னால் மூடியிருந்த வெள்ளைக் கதவுக்குள் பியூலா படுத்திருந்தாள்.

பியூலாவுக்கு உப்பளத்து உப்பைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், மாதிரிக்காகக் கொண்டு வந்த உப்பைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குலுக்கியவள் அப்படியே நின்றுவிட்டாளாம். அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து, யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியில் அந்தச் சத்தத்தைத் துண்டு துண்டாக நறுக்கினாள். ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். இன்னொன்றை மெதுவாக்கி அதன் அடியில் வைத்தாள். பாத்திக்குக் கடல்நீர் ஏற்றும் மோட்டாரின் உறுமலைக் கடைசியாகச் சேர்த்தாள்.

“அத்தான், இங்க வாங்க. இதைக் கேளுங்க.”

கேட்டான். தூரத்திலிருந்து மழை நடந்து வருவதுபோல இருந்தது. கல்யாண வீடுகளுக்கும் சபைக் கூட்டங்களுக்கும் மைக்செட் கட்டுகிறவன் அவன். நாள் முழுக்கச் சத்தத்தோடு புழங்குகிறவன். ஆனாலும் தன் வீட்டு அடுக்களையிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று நினைத்ததில்லை.

மறுநாள் காலையில் அது போனில் இல்லை. உரிமம் இல்லாதவர்கள் செய்யும் இசை ஒரு ராத்திரிக்கு மேல் தங்காது. அதுதான் சட்டம்.

“அழிஞ்சுட்டா பிள்ள?”

“அழிஞ்சுட்டு. இன்னைக்கு வேற செய்தேன்.”

அன்றைக்கும் செய்தாள். அதுவும் அழிந்தது. ஒரு வருடம் இப்படியே போயிற்று. சாயங்காலம் பிறப்பது காலையில் இருக்காது. தினமும் விடிந்ததும் அவள் போனை எடுத்து ஒரு தடவை பார்ப்பாள். இருக்காது என்று தெரிந்தும் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போவாள். ஏசுவடியான் கட்டிலில் படுத்தபடி தூங்குவதுபோலப் பாவனை செய்துகொண்டு அந்த முகத்தைப் பார்த்திருக்கிறான்.

“ஒண்ணாவது நிக்கணும் அத்தான்,” என்றாள் ஒரு நாள். “நூறு வேண்டாம். ஒரே ஒண்ணு. பெருமைக்கு இல்ல. ஆண்டவர் ஏதோ ஒண்ணைக் கையில தந்திருக்காரு. அதைத் தினமும் நானே கொட்டிக் கவுத்துட்டு வாற மாதிரி இருக்கு.”

அப்படித்தான் உரிமத்துக்கு மனுப்போட்டார்கள். முதல் நாள் கோமதிநாயகம் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார்.

“முன்னெல்லாம் யாரு என்ன பாட்டுப் போட்டாலும், அது என்னோடது மாதிரி இருக்குன்னு ஒருத்தன் கோர்ட்டுக்குப் போயிருவான். ஒப்பிட்டுப் பாக்க மெஷின் வந்த பொறவு வழக்கு மலையாக் குவிஞ்சுட்டு. அதான் இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நமக்கு ரொம்பப் பிடிச்ச ஆல்பம் நம்ம மனசுக்குள்ள ஊறிக் கிடக்கும். நமக்குத் தெரியாமலே நம்ம கை அதைத்தான் செய்யும். அந்த ஆல்பங்களை எடுத்துட்டா, பொறவு வாறது எல்லாம் நம்மளோடதுதானே?”

“எடுக்கதுன்னா?” என்று கேட்டான் ஏசுவடியான்.

“மறந்துரும். கேட்டதே ஞாபகம் இருக்காது. மூணு வருசத்துக்கு அதுல ஒரு துளிகூட அவங்க காதுல படக்கூடாது. பட்டா உரிமம் போயிரும். அதுக்குள்ள தன்னோட ஆல்பத்தைப் பதிஞ்சுட்டாங்கன்னா, பொறவு எதை வேணும்னாலும் கேட்டுக்கிடலாம்.”

“அதோட சேந்து வேற எதுவும் போயிருமா சார்?”

கோமதிநாயகம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “சுவத்துல ஒட்டின படத்தை உரிச்சா, சுண்ணாம்பும் கொஞ்சம் சேந்து வரும்லா அண்ணாச்சி. அந்த மாதிரிதான். எவ்வளவு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது.”

அன்றையிலிருந்து ஏசுவடியானுக்குச் சோறு இறங்கவில்லை. சுண்ணாம்பு என்று அவர் சொன்னது தன்னைத்தான் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

காரணம் ‘வெள்ளி நரம்பு’. எங்கோ பனி பெய்கிற நாட்டில் யாரோ ஒருவர் தனி அறையில் உட்கார்ந்து செய்த ஆல்பம். எழுபத்து நான்கு நிமிடம், ஒரே ஓட்டம். இடையில் நிற்காது. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் சபை வாலிபர் கூட்டம் வேன் பிடித்து மணப்பாட்டுக்குப் போனபோது, பக்கத்து இருக்கையில் ஜன்னலோரம் பேசாமல் வந்த பெண்ணிடம் அவன் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டினான். வாழ்க்கையில் அவன் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான். அவள் வாங்கி மாட்டிக்கொண்டாள். மணப்பாடு வரும்வரை கழற்றவில்லை. இறங்கும்போது, “நல்லாருக்கு” என்றாள். அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் அவன் வீடு கட்டிக் குடியிருந்தான்.

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும், ஆராதனை முடிந்து, சாப்பிட்டு முடித்ததும், இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளிலும் ‘வெள்ளி நரம்பு’ ஓடும். அவன் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்வாள், துணி மடிப்பாள். நாற்பதாவது நிமிடத்தில், “இப்ப வருது பாரு” என்று அவன் விரலை உயர்த்துவான். அவளும் தலையை ஆட்டுவாள். பதினான்கு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் எழுந்து போனதில்லை.

அந்த ஆல்பத்தின் பெயர்தான் படிவத்தில் இல்லை.

பட்டியலை மனுதாரர் தனியாக எழுதி மூடி முத்திரையிட்டுக் கொடுக்க வேண்டும். அவர் உள்ளே போன பிறகுதான் வீட்டிலிருந்து வந்த சாட்சி அதைப் பிரித்துப் பார்க்கலாம். “இவருக்குப் பிடித்தவை இவ்வளவே என்று நான் அறிந்தவரை உண்மையாகச் சொல்கிறேன்” என்ற வரிக்குக் கீழே சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் யாரும் ஒரு பாட்டை நேசிக்க முடியாது என்பது சட்டம் எழுதியவர்களின் எண்ணம்.

ஏசுவடியானுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. எனக்காக மறைத்திருக்கிறாள். மணப்பாட்டு வேனை, என்னை, எங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். இந்த எண்ணம் வந்ததும் நெஞ்சு நிறைந்தது. நிறைந்த அதே நொடியில் பயமும் வந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு மறுசோதனை உண்டு. மறைத்த ஆல்பம் மனதுக்குள் இருப்பதைக் கருவி கண்டுபிடித்தால் உரிமம் ரத்து. ஆயுளுக்கும் மறுபடி கேட்க முடியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் நிற்காமல் போகும். கையெழுத்துப் போட்டால் அந்த ஆபத்து. அத்தோடு, தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்ன பாவம். போடாமல் உண்மையைச் சொன்னாலோ, அந்தக் கதவு திறந்து வெளியே வருகிறவள் தன்னை யாரோ தெரிந்த மனிதர் என்பதுபோலப் பார்த்துவிட்டால்?

எழுந்து வராந்தா வரை போனான். திரும்பி வந்தான். மறுபடியும் போனான். கோமதிநாயகம் ஒரு டம்ளர் தண்ணீரை மேசை விளிம்புக்குத் தள்ளி வைத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு ஏசுவடியான் கண்ணை மூடினான். ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை. வார்த்தைக்குப் பதிலாகப் பியூலாவின் காலை நேரத்து முகம் வந்தது. போனைப் பார்க்கிற முகம். ஒரு வருடமாக அதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் படுத்திருந்தவன் அவன்.

“சார்,” என்றான். “இதுல ஒண்ணு விட்டுப்போச்சு.”

கோமதிநாயகம் நிமிர்ந்தார். “என்னது விட்டுப்போச்சு?”

“‘வெள்ளி நரம்பு’ன்னு ஒரு ஆல்பம். அவளுக்கு உசுரு. வேணும்னு மறைக்கல சார். என் மேல உள்ள பிரியத்துலதான்... அதையும் எடுத்துருங்க.”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.” கோமதிநாயகம் கையிலிருந்த பேனாவை மூடிப் பையில் போட்டார். “நீங்க சொன்னதை நான் இப்பவே எழுதினேன்னு வைங்க. மனுதாரர் மறைச்சதுன்னு பதிவாயிரும். மனு இங்கயே முடிஞ்சுரும். புரியுதா?”

இது ஏசுவடியானுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் ஆல்பம்தான் போகும் என்று நினைத்தானே தவிர, மனுவே போகும் என்று நினைக்கவில்லை. “ஐயோ சார்” என்று எழுந்தேவிட்டான்.

“உக்காருங்கன்னா உக்காருங்க. இன்னும் எழுதலல்லா. முதல்ல உள்ள போட்டுப் பாப்போம். பாத்துட்டு எழுதுவோம். பாத்துட்டு எழுதக்கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்ல.” எழுந்தவர், கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தார். “நிஜத்தைச் சொன்னவனை நட்டாத்துல விட்டுட்டு, சாயங்காலம் நான் எப்படிக் கோயிலுக்குப் போக?”

கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் ஏசுவடியான் எதையெதையோ நேர்ந்துகொண்டான். தன்னை அவள் மறந்தாலும் பரவாயில்லை, புதிதாக ஒரு தடவை பழகிக்கொள்ளலாம், மனு மட்டும் தப்பட்டும் என்றுகூட நேர்ந்தான். அப்படி வேண்டிக்கொண்டவன் தான்தானா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

விளக்கு அணைந்தது. வெளியே வந்த கோமதிநாயகத்தின் முகத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி. அந்த ஆல்பம் யாருக்குப் பிடிக்கும்னு சொன்னீங்க?”

“அவளுக்கு.”

“உங்களுக்கு?”

“எனக்கும்தான்.”

“உங்களுக்கு மட்டும்தான்.” எதிரே உட்கார்ந்தார். “முழுசாப் பத்து நிமிசம் ஓடவிட்டுப் பாத்தேன். பிடிச்ச பாட்டுன்னா திரையில தீவாளி மாதிரி இருக்கும். இங்க ஒரு புள்ளிகூட அசையல. அம்மா பட்டியல் சரியாத்தான் எழுதியிருக்காங்க.”

“மெஷின்ல ஏதும் கோளாறா சார்?”

“மத்த அஞ்சுக்கும் ஜெகஜோதியா எரிஞ்சதே!” தயங்கிவிட்டுச் சொன்னார்: “கேக்கப்போ ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுது. பொறுமை.”

“பொறுமையா?”

“ஆமா. பஸ்ஸுக்கு நிக்கவங்க மூளையில தெரியும் பாத்தீங்களா, அது.”

ஏசுவடியான் படிவத்தைக் கையில் எடுத்தான். பதினான்கு வருடம். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் எழுபத்து நான்கு நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு விரல். அந்த ஐந்து பெயர்களை இப்போதுதான் ஒழுங்காக வாசித்தான். இரண்டை மட்டும் கேள்விப்பட்டிருந்தான். மற்ற மூன்றும் யாருடையவை, எந்த ஊர், அவள் எப்போது கேட்டாள், எதுவும் தெரியாது. நான் அறிந்தவரை உண்மையாகச் சொல்கிறேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். அவன் அறிந்தது எவ்வளவு கொஞ்சம் என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்தது.

பியூலா வெளியே வந்தபோது மணி ஒன்றரை. நெற்றியில் பட்டியின் தடம் சிவந்திருந்தது.

“பசிக்கு அத்தான்” என்றாள்.

“மணப்பாடு ஞாபகம் இருக்கா?”

“என்னது, வேன்ல ஏறும்போது என் பையை மிதிச்சு முறுக்கை எல்லாம் நொறுக்கினீங்களே, அதா? அதை எப்படி மறப்பேன்?”

கோமதிநாயகம் குனிந்து எதையோ தேடுவதுபோல மேசை இழுப்பறையைத் திறந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவள் போனை எடுத்தாள். ஏசுவடியான் இந்தத் தடவை தூங்குவதுபோல நடிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்திருந்தான். அவள் வெகுநேரம் திரையையே பார்த்தாள். “இருக்கு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போக அரைமணி நேரம் தாமதமானது.

சுண்ணாம்பு வேறு இடத்தில் உரிந்திருந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

“அத்தான், அம்மா படுக்கையில கிடந்த ரெண்டு மாசமும் தலைமாட்டுல நான் ஏதோ ஒண்ணைப் போட்டுட்டே இருந்தேன்லா? அம்மா அதைக் கேட்டுட்டே தூங்குவாவ. கையைப் பிடிச்சிட்டிருந்தது ஞாபகம் இருக்கு. அம்மா வாய் அசையது தெரியுது. சத்தம் மட்டும் இல்ல. என்னது அது?”

அவனுக்கும் அப்போது தெரியாது. தெரியாது என்று நிம்மதியாகச் சொன்னான். ஆனால் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. மைக்செட் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும்போது, வண்டியில் தனியாக, காதுக்குள் மட்டும், பட்டியலில் இருந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். ‘வெள்ளி நரம்பு’ போல இடி இடிக்கிறவை அல்ல அவை. முதலில் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே பொறுமையாகக் கேட்டான். மூன்றாவது ஆல்பம் ‘ஈர மணல்’. அதில் நாலு தட்டு, ஒரு இடைவெளி, ரெண்டு தட்டு என்று ஒரு தாளம் மெல்ல வந்தபோது, எட்டயபுரம் சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். சாத்திய கதவுக்கு வெளியே நின்று இரண்டு மாதம் அவன் கேட்ட சத்தம். மாமியார் தூங்கிப்போன சத்தம்.

தெரிந்துவிட்டது. சொல்ல முடியாது. மூன்று வருடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஒலிபெருக்கியின் பக்கம் போகவில்லை. தலைவலி என்றான். மறுவாரம் கரண்டு சரியில்லை என்றான். மூன்றாவது வாரம் அவளே எழுந்துபோய் ‘வெள்ளி நரம்பு’வைப் போட்டுவிட்டு, பீன்ஸ் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

“வேண்டாம் பியூலா. அமத்து.”

“ஏன்? மேலுக்குச் சொகமில்லையா?”

“உனக்குப் பிடிக்காதுல்லா.”

பீன்ஸ் ஒடிக்கிற கை நின்றது. “யாரு சொன்னா?”

“மெஷின் சொல்லிச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. “பாவி மெஷின். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லாம...”

“பதினாலு வருசம் ஏம்ளா சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே.” ஒரு காயை ஒடித்துத் தட்டில் போட்டாள். “அந்தப் பாட்டுதான் பிடிக்காது அத்தான். ஆணி அடிக்க மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிடிக்கும்.”

எதிரே உட்கார்ந்து அவனும் ஒரு கைப்பிடி பீன்ஸை எடுத்துக்கொண்டான். ‘வெள்ளி நரம்பு’ ஓடி முடிந்தது. நாற்பதாவது நிமிடம் விரலை உயர்த்தாமல் பார்த்துக்கொண்டான். வெளியே காற்று ஓய்ந்திருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

“அத்தான்.”

“ம்?”

“அதை ஏன் நிப்பாட்டிட்டீங்க? நல்லாருந்துச்சு.”

குனிந்து பார்த்தான். தட்டின் விளிம்பில் அவன் விரல்கள் இருந்தன. நாலு தட்டு, ஒரு இடைவெளி, ரெண்டு... எப்போது தொடங்கினான், எத்தனை தடவை தட்டினான் என்று தெரியவில்லை. விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“சும்மா. ஈ உக்காந்துச்சு” என்றான்.

அவள் தலையைச் சாய்த்து, காதில் விழாத எதையோ கேட்கிறவள்போல, ஒரு நிமிடம் இருந்தாள். பிறகு அடுத்த காயை எடுத்தாள்.

அன்றையிலிருந்து சாப்பாட்டுக்கு முன் ஏசுவடியான் செய்கிற ஜெபம் ஒரு வரி நீண்டுவிட்டது. அந்த வரியை மட்டும் அவன் சத்தமாகச் சொல்வதில்லை. மூன்று வருடம், ஆண்டவரே, என் விரல்களையும் பார்த்துக்கொள்ளும்.